வாசகர் கேள்வி – பதில்: மலைநாட்டில் அமோனைட்டு கிடைக்குமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் லயத்துக்குப் பின்புறம் மண் வெட்டியபோது உடைந்த கல்லொன்றினுள் வட்டம் வட்டமாக வரிகள் தெரிந்தன. பாடநூலில் பார்த்த அமோனைட்டு உயிர்ச்சுவட்டின் படத்தைப் போலவே இருக்கிறது. ஜுராசிக் காலத்தில் மலையகம் கடலுக்கடியில் இருந்ததா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: கல்லைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது அமோனைட்டு அன்று. அமோனைட்டு என்பது கணவாய்க்கு உறவான, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடலுயிர். ஜுராசிக் காலம் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. நம் மலைநாட்டுப் பாறைகளோ அதற்கு வெகு முன்னரே, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பூமியின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறிவிட்டவை. அமோனைட்டு பிறப்பதற்கு முன்பே இறுகிப்போன பாறையில் அதன் ஓடு புதைந்திருக்க வழியில்லை.

அப்படியானால் அந்த வரிகள் எவ்வாறு வந்தன? பாறையின் வெடிப்புகளினூடே மழைநீர் இறங்கி, அதிலுள்ள கனிமங்களைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக்குகிறது. மூலைகளில் நீர் பல பக்கங்களிலிருந்தும் தாக்குவதால் அவை முதலில் மழுங்குகின்றன. இதனால் சதுரமாக இருந்த துண்டு உருண்டையாகி, வெங்காயத் தோலைப் போல அடுக்கடுக்காக உரிகிறது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் தேயிலை மலைகளில் வீதி ஓரம் வெட்டிய மண்மேட்டைப் பார்த்தாலே இத்தகைய உருண்டைகள் தென்படும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வெளி விளிம்பிலுள்ள வரியின் மேல் பென்சில் முனையை வைத்து, அந்த வரியை விட்டு விலகாமல் நகர்த்துங்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் அது மூடிய வட்டம், அதாவது உரிந்த அடுக்கு. அமோனைட்டாக இருந்தால் அதே வரி சுற்றிச் சுற்றி நடுப்புள்ளி வரை உள்ளே கொண்டுபோகும். போகிற வழியில் ஓட்டின் உட்புறத்தை அறை அறையாகப் பிரிக்கும் குறுக்குச் சுவர்களும் தெரியும். நத்தை ஓடும் சுருள்தான். ஆனால் அதற்குள் இந்த அறைகள் இல்லை.

இலங்கையில் ஜுராசிக் பாறையே இல்லையென்று எண்ணிவிட வேண்டாம். புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம பகுதிகளில் அது உண்டு. அங்கே கிடைப்பவை கடல் உயிர்களின் ஓடுகளல்ல, பன்னம் முதலிய நிலத்தாவரங்களின் பதிவுகள். மலையடிவாரமான இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுவோர் ‘இல்லம்’ என்று சொல்லும் சரளைப் படையில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் அகப்பட்டுள்ளன; அவை ஜுராசிக்குக்கு மிகப் பிந்தியவை. எப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையில் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: பூசையறையில் பாட்டனார் காலத்துச் சாளக்கிராமம் ஒன்று இருக்கிறது. அதுவும் அமோனைட்டுத்தான் என்கிறார் என் மகன். (வாசகி, பண்டாரவளை)

பதில்: மகன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்னும் தலத்தின் பெயரைத் தாங்கிய இக்கற்கள் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கின்றன. அங்குள்ள கரிய களிப்பாறை ஜுராசிக் காலத்தில் தெதிசு என்னும் கடலின் அடித்தளமாக இருந்தது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியபோது இமயத்தோடு சேர்ந்து உயர்ந்தது. கல்லில் காணும் சக்கரம் ஓட்டின் சுருளே. உறுதி செய்வதற்காக உடைத்துப் பார்க்க வேண்டாம். கல்லில் துளை இருந்தால் அதனூடே சிறு விளக்கைப் பிடித்துப் பார்த்தாலே போதும். இக்காலத்தில் செதுக்கி விற்கும் போலிகளும் உண்டு என்றாலும், வீட்டில் தலைமுறையாக வழிபட்டு வரும் கல்லை அந்தக் கண்ணோடு பார்ப்பது எனக்கு உவப்பானதன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலருக்குத் திருச்சிராப்பள்ளிச் சீமையே பூர்வீகம். அங்கே காரை, அரியலூர் பகுதிகளின் மண்ணிலும் அமோனைட்டுகள் உண்டு. ஆனால் அவை ஜுராசிக்குக்கு அடுத்த கிரிட்டேசியஸ் காலத்தவை.

கேள்வி: இங்கிலாந்திலிருந்து உறவினர் அனுப்பிய பொன்னிற அமோனைட்டுகளில் வெண்ணிறத் தூள் பூக்கிறது. கழுவலாமா? (வாசகர், நுவரெலியா)

பதில்: தண்ணீரே படக்கூடாது. அவற்றின் பொன்னிறம் இரும்புச் சல்பைட்டான பைரைட்டு என்னும் கனிமத்தால் வருவது. தெற்கு இங்கிலாந்தில் சார்மவுத் கடற்கரையில் சேற்றுப்பாறை இடிந்து விழும்போது 19 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இத்தகைய சிறு அமோனைட்டுகள் அலையில் கழுவுண்டு கிடக்கும். காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட்டு ஒட்சியேறிச் சல்பூரிக்கமிலத்தையும் இரும்புச் சல்பேற்றையும் தோற்றுவிக்கிறது. நீங்கள் காண்பது அந்தச் சல்பேற்றுத் தூளைத்தான். முகர்ந்தால் கந்தக நெடியும் வரலாம். மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகும் நுவரெலியாவில் கண்ணாடி அலுமாரி ஒரு பாதுகாப்பே அன்று. மேலே வார்னிஷ் பூசுவதாலும் பயனில்லை, ஏனெனில் அழிவு உள்ளிருந்து வருகிறது.

தூளை உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, கெட்டுப்போனவற்றைத் தனியே பிரித்து, காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். எந்தக் கரையில், எந்த நாளில் பொறுக்கியது என்று உறவினரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கடையில் வாங்கியதென்றால் அதையும் எழுதுங்கள். அக்குறிப்பு இல்லாத அமோனைட்டு ஆய்வாளருக்குப் பயன்படாது. அந்தத் தாளைக் கல்லோடு ஒரே பெட்டியில் போட்டால் அமிலம் தாளையும் அரித்துவிடும். ஆகவே பெட்டியில் இலக்கத்தை மட்டும் ஒட்டி, விவரத்தைக் கொப்பியொன்றில் எழுதிக்கொள்ளுங்கள்.