சிஸ்டர் பதில்கள்: சிலுவை மருமகளுக்கு மட்டுமா?

கேள்வி: சிஸ்டர், மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்டார். எல்லாம் நான்தான் செய்கிறேன். கொழுந்தனார் முத்தியால்பேட்டையில், நாத்தனார் மஞ்சக்குப்பத்தில். ஞாயிறு பூசை முடிந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. உதவி கேட்டால், “ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை, முணுமுணுக்காம சும” என்கிறார்கள். முணுமுணுப்பது பாவமா?
- பெயர் வேண்டாம், வில்லியனூர்

பதில்: சிலுவையிலிருந்தே “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று கதறியவர் ஆண்டவர் இயேசு. சமையற்கட்டில் நீங்கள் முணுமுணுப்பதற்கா கோபித்துக்கொள்வார்?

நாத்தனாரை லூக்கா 9:23 எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாள்தோறும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னது எல்லாரையும் பார்த்து. மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. பாரத்தை அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டு விரலால்கூடத் தொடாதவர்களைப் பற்றி மத்தேயு 23:4-இல் இருக்கிறது. அதையும் சேர்த்தே வாசிக்கட்டும்.

மாமியார் திட்டினாலும் வாயைத் துடைத்து மறுபடி கஞ்சி ஊட்டுகிறீர்களே, அது சிலுவைதான், நீங்களாகத் தூக்கிக்கொண்டது. கொழுந்தனாரின் சோம்பல் சிலுவை ஆகாது. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை செய்கிறோமே, ஆண்டவர் சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாக நினைத்து ஜெபிப்பது, ஐந்தாம் நிலையில் யார் வருகிறார்? சீரேன் ஊர் சீமோன். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். அலெக்சாந்தர், ரூபு என்று அவர் பிள்ளைகள் பெயரைக்கூட மாற்கு தம் நற்செய்தியில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவருக்கே ஒரு கை தேவைப்பட்டது, அம்மா!

மடத்திலும் நான் பார்த்தது நர்ஸ் வேலைதான், அதனால் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ராத்திரியும்தான். ஒரே ஆள் செய்தால் சீக்கிரமே வீட்டில் இரண்டு நோயாளிகள். முறை போடுங்கள். சனி, ஞாயிறு கொழுந்தனார் வந்து தங்கட்டும். நாத்தனாரால் முடியாதென்றால் காற்று மெத்தை வாங்கித் தரட்டும், பகலுக்கு ஓர் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கட்டும். அதுசரி, இவ்வளவு எழுதிய கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லையே? படுத்திருப்பது அவரைப் பெற்றவர். ராத்திரி முறை அவருக்கு.

கேள்வி: எங்கள் வீட்டில் பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசுவின் உருவத்தோடு உள்ள சிலுவை. சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) நண்பன் வீட்டில் வெறும் சிலுவை. எது சரி?
- கல்லூரி மாணவன், கடலூர் முதுநகர்

பதில்: இரண்டும்தான். நம் வீட்டுச் சுவரில் ஆண்டவர் உயிர்விட்ட பெரிய வெள்ளி, அவன் வீட்டுச் சுவரில் அவர் உயிர்த்தெழுந்த ஈஸ்டர். பிரியாணிக்குக் கூப்பிட்டால் வாதம் பண்ணாமல் போய்ச் சாப்பிட்டு வா.