வளவுத் தொலைக்காட்சியும் பழைய கணினியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கோர் 2 டுவோ கணினி, 4 ஜிபி ரேமுடன் மாடியில் கிடக்கிறது. அதை வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில்) இருக்கும் தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்க்கலாமா, புதிதாகப் பெட்டி ஏதும் வாங்க வேண்டுமா? — ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: எதுவும் வாங்குவதற்கு முன் அந்தக் கணினியைத் திறந்து தூசியைத் துடைத்து, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், தேய்ந்துபோன ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தையும் அதன்மேல் ‘கோடி’ என்ற மென்பொருளையும் நிறுவச் சொல்லுங்கள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கப்பட்டு 2014இல் இந்தப் பெயரைப் பெற்ற ‘கோடி’, படங்களையும் பாடல்களையும் புகைப்படங்களையும் அட்டை போட்டு அடுக்கிக் காட்டும். இரண்டு மென்பொருள்களும் இலவசம். நிறுவிக் கொடுப்பவருக்கு அவருடைய உழைப்புக்குக் கூலி கொடுங்கள், மென்பொருளுக்கு விலை கேட்டால் கொடுக்காதீர்கள். பாட்டு, டிவிடி, 720 அளவிலான படங்கள் தடையின்றி ஓடும். 4கே படங்களை அந்தக் கணினியிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டதால் கணினியையே மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். — காரைக்குடி வாசகி

பதில்: 2025 அக்டோபர் 14இல் ஆதரவு நின்றது உண்மை, கணினியை மாற்ற வேண்டும் என்பது உண்மையல்ல. லினக்ஸ் போடுங்கள்.

கேள்வி: படத்துக்கான இணைப்பு வாயாகக் கணினியில் விஜிஏவும், தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐயும் மட்டும்தான் இருக்கின்றன. இரு முனைகளும் பொருந்தும் கேபிள் வாங்கினேன், படமே வரவில்லை. இரண்டாவதாக வேறொரு கேபிளும் வாங்கிவிட்டேன். — ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: முதல் கேபிள் ஏன் வேலை செய்யவில்லை என்று எவரிடமும் கேட்காமல் அதே வகையில் இரண்டாவதை வாங்கியிருக்கிறீர்கள். விஜிஏ அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். இடையில் மின்சாரம் பெற்று மாற்றித் தரும் கன்வெர்ட்டர் இல்லாமல் வெறும் கம்பியால் படம் வராது. விஜிஏவில் ஒலியும் வராது என்பதால், ஒலிக்கு உள்வாய் இருக்கும் கன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘ஐ5 கணினி, எந்தப் படமும் ஓடும்’ என்றுதான் பழைய கணினி ஒன்றை விற்றார்கள். சிங்கப்பூரிலிருந்து பேரன் ஐபோனில் எடுத்து அனுப்பிய கல்யாண வீடியோக்கள் மட்டும் திக்கித் திக்கி ஓடுகின்றன. — ஒரு வாசகர், கண்டனூர்

பதில்: இந்த ஏமாற்று எனக்கும் நேர்ந்தது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ‘ஐ5’ என்று பெரிதாக ஒட்டியிருந்த ஒரு பழைய கணினியை நான் நம்பி வாங்கி வந்து திறந்து பார்த்தபோது, அது ஐ5-650, அதாவது 2010ஆம் ஆண்டின் முதல் தலைமுறை என்று தெரிந்தது. ஐ5 என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. அதை அடுத்து வரும் எண்ணில்தான் கணினியின் வயது இருக்கிறது: மூன்றே இலக்கம் என்றால் முதல் தலைமுறை, 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 4570 என்றால் நான்காம் தலைமுறை, 7500 என்றால் ஏழாம் தலைமுறை. அந்த எண்ணைச் சொல்லாமல் ‘ஐ5’ என்று மட்டும் சொல்லி விற்பது, மாட்டின் பல்லைப் பார்க்க விடாமல் மாட்டை விற்பதற்குச் சமம். ஐபோன்கள் 2017 முதல் எச்இவிசி என்ற சுருக்கமுறையில் வீடியோவைப் பதிகின்றன. அதன் 8 பிட் வகையை விரிக்கும் வன்பொருள் இன்டெலின் ஆறாம் தலைமுறையில் வந்தது, 10 பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். உங்கள் கணினியில் அது இல்லாததால் முழுச் சுமையும் பிராசஸர்மீது விழுகிறது, படம் திக்குகிறது. வந்துவிட்ட வீடியோக்களை ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளால் பழைய கணினியும் எளிதில் ஓட்டும் எச்.264 முறைக்கு இரவோடு இரவாக மாற்றிக்கொள்ளலாம். இனி எடுப்பவற்றுக்கு, ஐபோனின் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்துகொள்ளுமாறு பேரனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை, ‘திஸ் பிசி’ (பழைய விண்டோஸில் ‘மை கம்ப்யூட்டர்’) மீது வலது சொடுக்கி ‘ப்ராப்பர்டீஸ்’ பக்கத்தில் முழு எண்ணைப் பார்த்து, அதே எண்ணைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைப்பதாகச் சொன்னார்கள், சம்மதித்தேன். இரண்டே வாரத்தில் கணினி நின்றுவிட்டது, திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். — ஒரு வாசகர், புதுவயல்

பதில்: சில நூறு ரூபாய்க்காக உங்கள் கையிலிருந்த முக்கிய ஆயுதத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். பில் தராததும், பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகமுறைகள். பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்து, இன்றே கடைக்காரரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டவில்லை. இன்னும் விலையுயர்ந்த ரூட்டர் வாங்கலாமா? — கானாடுகாத்தான் வாசகி

பதில்: வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு நீளும் நம் செட்டிநாட்டு வீடுகளின் கனத்த சுவர்களை எந்த ரூட்டரும் எளிதில் கடக்காது. ‘கேட் 6’ என்ற இணையக் கேபிளை ரூட்டரிலிருந்து 100 மீட்டர் வரை இழுக்கலாம். சுண்ணாம்புப் பூச்சைத் துளைக்காமல் தாழ்வாரத்து உத்தரம் ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள், அந்தப் பூச்சை மறுபடி பூசத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

கேள்வி: எங்கள் சாந்திக் கல்யாணம், பிள்ளைகள் கல்யாணம் எல்லாவற்றையும் விளம்பரம் பார்த்து 2,000 ரூபாய்க்கு வாங்கிய 16 டிபி டிஸ்க்கில் ஏற்றினோம். பெயர்கள் தெரிகின்றன, ஒன்றும் திறக்கவில்லை. — ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, உங்களிடம் பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள். உள்ளே இருப்பது சிறிய மெமரி கார்டாக இருக்கும், 16 டிபி என்று காட்டும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பியபின் எழுதியவை பழையவற்றின் மேலேயே விழுந்திருக்கும். இனி அதில் எதையும் எழுத வேண்டாம். தெரிந்த பிள்ளை ஒருவரிடம் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற மென்பொருளைச் சொல்லுங்கள். அது டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்த்தே சோதிக்கும் என்பதால், படிக்க முடிகிற கோப்புகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, அதன் பிறகே சோதித்து முடிவைப் படமெடுத்து வைக்கட்டும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும், விற்ற தளம் காணாமல் போயிருந்தால் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930க்கும் அழையுங்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்பதால் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. மூல கேசட்டுகள் பெட்டகத்தில் இருந்தால் எறியாமல் வைத்திருங்கள், அவற்றிலிருந்து மறுபடி பதிந்துகொள்ள முடியும்.