நன்றாகப் படிக்கும் பெண் ஏன் பிட் எழுதினாள்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. எப்போதும் முதல் ஐந்து ரேங்குக்குள் வருவாள். காலாண்டு அறிவியல் தேர்வில் பரீட்சை அட்டையின் பின்பக்கம் இயக்கச் சமன்பாடுகளைப் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதி வைத்திருந்து பிடிபட்டுவிட்டாள். பூஜ்யம் போட்டுவிட்டு என்னை வரவழைத்தார்கள். கேட்டால், "எல்லாரும்தான் பண்றாங்க" என்கிறாள். அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அடிப்பார். என் வளர்ப்பு சரியில்லையா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பே பார்க்கப் பிடிபட்ட பிள்ளைக்கு அடுத்த சில நாட்கள் மிகவும் கடினமானவை. சரியாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று கவனியுங்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், சும்மா மிரட்டுகிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் சுமார் 11,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து நேர்மையைச் சோதித்தார்கள். பிள்ளைகளை 'நேர்மையானவர்கள்', 'ஏமாற்றுபவர்கள்' என்று இரண்டாகப் பிரிக்கவே முடியவில்லை. ஓர் இடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோர் இடத்தில் நேர்மையாக இருந்தது. சூழ்நிலைக்குப் பெரிய பங்கு இருந்தது. அதனால் 'என் பெண் திருடி' என்ற முடிவுக்குப் போகாதீர்கள். அவளுக்கு அந்த நேரத்தில் என்ன நெருக்கடி என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. இயக்கச் சமன்பாடுகள் மொத்தமே மூன்றுதான். அவற்றை அவ்வளவு பொடியாக எழுதும் நேரத்தில் மனப்பாடமே ஆகியிருக்கும். சோம்பேறித்தனம் என்றால் இந்த மெனக்கெடல் இருக்காது. 'ஹாலுக்குள் போனதும் மறந்துபோனால் என்ன ஆவது' என்ற பயத்தில் எழுதியது போலத்தான் எனக்குத் தெரிகிறது. முன் ரேங்க் பிள்ளைகளிடம் இந்தப் பயம் அதிகம். 35 வாங்கிப் பாஸ் ஆவது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. 'கெட்டிக்காரி' என்ற பெயர் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

இதை முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்றும், சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்து, கிடைத்த மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் சுமார் 38 விழுக்காட்டினர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் சுமார் 13 விழுக்காட்டினர்தான். நாம் ஆசையாகச் சூட்டும் பட்டமே பிள்ளைக்குப் பாரமாகிவிடுகிறது. இனிமேல் உறவினர் முன்னால் ரேங்க் சொல்வதை விட்டுவிடுங்கள். அந்த வாரம் எந்தப் பாடத்தை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று கேளுங்கள்.

"எல்லாரும்தான் பண்றாங்க" என்பதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். தவறு என்று தெரிந்தவர்கள்தான் சாக்கு தேடுவார்கள். அதை வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்றும் கேட்காதீர்கள், இன்னொரு சாக்குதான் வரும். "எந்தக் கேள்வி வந்துடுமோன்னு பயந்தே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகும்.

பூஜ்யத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்காகப் பள்ளியில் கெஞ்சினால், எதையும் சரிக்கட்டிவிடலாம் என்றுதான் அவள் கற்றுக்கொள்வாள். அவளே ஆசிரியரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும். நீங்கள் வாசல்வரை போனால் போதும்.

அப்பாவிடம் மறைக்கக் கூடாது. மறைத்தால், பிடிபடாமல் இருப்பதுதான் முக்கியம் என்பதை வீட்டிலும் கற்றுக்கொடுத்ததாகிவிடும். ஆனால் அவள் இல்லாத நேரத்தில் நீங்கள் முதலில் சொல்லுங்கள். அவருடைய கோபம் உங்களிடம் கொட்டித் தீரட்டும். அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை நன்றாக மறைக்கத்தான் பழகும் என்பதையும் சொல்லுங்கள். அவர் கை ஓங்குவார் என்று தோன்றினால், அவர் மதிக்கும் ஒரு பெரியவரைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அப்புறம், படிக்கும் முறையை மாற்ற வேண்டும். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. அரையாண்டு வரை தினமும் பத்து நிமிடம் புத்தகத்தை மூடிவைத்து, வெற்றுத்தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தாளை அவளே திருத்தட்டும். நீங்கள் மதிப்பெண் போடாதீர்கள்.