மாடல் ராக்கெட் கேள்வி பதில்: ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம்

சேர்ந்து கிடந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது எவ்வளவு உயரம் போகும் என்றுதான். மேலே போவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். முழுசாகத் திரும்பி வருவதுதான் நம் கை வேலை. என் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் மேல் 'பி6-4' என்று அச்சிட்டிருக்கிறது. இது என்ன கணக்கு சார்?

எழுத்து, மோட்டார் தரும் மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய கணக்கு. ஏ என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை. ஒவ்வோர் எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும். நடுவில் உள்ள 6, சராசரி உந்துவிசை, நியூட்டனில்.

பலரும் கவனிக்காமல் விடுவது கடைசி எண்ணைத்தான். எரிபொருள் தீர்ந்த பிறகும் ராக்கெட் வந்த வேகத்திலேயே ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே ஒரு மருந்து மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கும். 4 விநாடி கழித்து இன்னொரு சிறு வெடிப்பு முன்பக்கமாக அழுத்தி, மூக்கைக் கழற்றி பாராசூட்டை வெளியே தள்ளும். தாமதம் குறைந்தால் ராக்கெட் முழு வேகத்தில் இருக்கும்போதே பாராசூட் விரியும். இணைப்பு நாடா அட்டைக் குழாயை ஜிப் திறந்த மாதிரி கிழித்துவிடும். தாமதம் அதிகமானால் மூக்கு கீழ்நோக்கித் திரும்பியிருக்கும், விரியும் முன் தரை வந்துவிடும். அதனால் கிட்டோடு வரும் தாளில் சொல்லியிருக்கும் மோட்டாரையே போடுங்கள். கடைசி எண் 0 என்றால் அது அடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கு உரியது. ஒற்றை அடுக்கில் அதைப் போட்டால் பாராசூட்டுக்கு வேலையே இல்லை.

பால்சா என்ற லேசான மரத்தில் வெட்டிய வால் துடுப்புகள் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் உடைகின்றன. பசை சரியில்லையா?

உடைந்த துண்டைப் பாருங்கள். பசை விட்டிருக்கிறதா, கட்டையே முறிந்திருக்கிறதா? கட்டை முறிந்திருந்தால் குற்றம் பசையுடையது இல்லை, ரேகையுடையது. பால்சா ரேகை ஓடும் திசையில் பிஸ்கட் போல உடையும். துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ரேகை ஓட வேண்டும். குழாய்க்கு இணையாக ஓடும்படி வெட்டினால், தரையில் ஒரு தட்டு தட்டியதும் அடியோடு போய்விடும்.

பசை விட்டிருந்தால்: மரவேலைப் பசையை இரண்டு பக்கமும் தடவி, ஒட்டி, உடனே பிரித்து, சில நிமிடம் காயவிட்டு, இன்னொரு மெல்லிய பூச்சோடு மறுபடி ஒட்டுங்கள். அட்டை அதைக் குடித்துவிடும், பிடி இரும்பாகும். காய்ந்த பிறகு துடுப்பும் குழாயும் சேரும் மூலையில் விரலால் ஒரு கோடு பசை இழுத்து, ராக்கெட்டைப் படுக்க வைத்தே உலரவிடுங்கள். நிற்க வைத்தால் வழிந்துவிடும்.

பாராசூட்டுக்குக் கீழே வைக்கும் தீப்பிடிக்காத தாள் தீர்ந்துவிட்டது. முகம் துடைக்கும் தாள் வைக்கலாமா?

கூடாது. அது கங்காகி வெளியே விழுந்தால் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். அதற்கென்றே விற்பதை வாங்கி, கசக்கித் தளர்வாக, குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு நிரப்புங்கள். அப்புறம் ஒன்று: முதல் நாள் இரவே பாராசூட்டை மடித்து வைக்காதீர்கள். நான் ஒரு குளிர்காலத்தில் அப்படிச் செய்தேன். மூக்கு கழன்றது, பாராசூட்டும் வெளியே வந்தது, ஆனால் இஸ்திரி போட்ட கைக்குட்டை மாதிரி மடிப்புக் கலையாமலே கூடவே விழுந்தது. ஏவும் இடத்தில், கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி மடியுங்கள்.

அண்ணா, துடுப்பை நானே வேறு வடிவத்தில் வெட்டினேன். நேராகப் போகுமா என்று பறக்கவிடாமலே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, ஒரு நூல் போதும். மோட்டார், பாராசூட் எல்லாம் போட்டு, ராக்கெட் சமமாக நிற்கும் இடத்தில் நூலைக் கட்டி டேப் ஒட்டி, தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் வந்தால் நல்லது. வால் முன்னால் வந்தாலோ குட்டிக்கரணம் போட்டாலோ, மூக்குக்குள் கொஞ்சம் களிமண் திணித்து மறுபடி சுழற்றுங்கள். எடை மையம் (நூல் கட்டிய இடம்), காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் தள்ளல் மொத்தமும் குவியும் புள்ளி) குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மோட்டார் இல்லாமல் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள், வாலில் கனம் அதுதான்.

பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். தப்பா?

தப்புதான். முதலில் பாதுகாப்புச் சாவியை உருவுங்கள். பிறகு 60 விநாடி முழுசாக எண்ணுங்கள். அதற்கப்புறம்தான் கிட்டே போகலாம். காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று: இக்னைட்டரின் (மோட்டாரைப் பற்றவைக்கும் கம்பி) முனை மருந்தைத் தொடவில்லை, கிளிப்புகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன, பேட்டரி சோர்ந்துவிட்டது. கிளிப்பின் பற்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். டி வரையிலான மோட்டாருக்கு ஏவும்போது 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

மகன் மோட்டாரை வீட்டிலேயே செய்யலாம் என்கிறான். ஆர்வத்தைத் தடுக்க மனமில்லை.

தடுத்துவிடுங்கள். இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே அதைத் தடுக்கத்தான். 1957-இல் வீட்டில் ராக்கெட் செய்யும் சிறுவர்களின் ஆபத்தைப் பற்றி ராக்கெட் பொறியாளர் ஹாரி ஸ்டைன் எழுதிய கட்டுரையைப் படித்து, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் தன் சிறு ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். மருந்தைத் தொழிற்சாலை அடைக்கட்டும், மற்றதைச் சிறுவர்கள் கட்டட்டும் என்ற ஏற்பாடு அங்கிருந்து வந்தது. மகனுக்கு துடுப்பு வடிவம், எடை, பாராசூட் என்று மூளையைக் கசக்க நிறையவே இருக்கிறது.

உயரத்தை எப்படி அளப்பது?

ஏவுமிடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்று, உச்சியைத் தொடும்போது கோணத்தை அளங்கள். கோணமானி, நூல், ஒரு நட்டு போதும். 45 பாகை என்றால் 100 மீட்டர், 60 என்றால் 173. காற்று அடித்தால் ராக்கெட் காற்றை எதிர்த்துச் சாயும், கணக்கு கொஞ்சம் பிசகும்.

மரத்தில் மாட்டிக்கொண்டது. கம்பு வைத்து எடுக்கட்டுமா?

மின்கம்பி என்றால் வேண்டவே வேண்டாம், அது போனது போனதுதான். உயரமான மரத்திலும் ஏறாதீர்கள். அடுத்த ராக்கெட்டின் பாராசூட் நடுவில் சின்ன வட்டமாக ஓட்டை வெட்டுங்கள். கொஞ்சம் வேகமாக இறங்கும், அவ்வளவு தூரம் அடித்துக்கொண்டு போகாது.