கத்தும், கூடவே வரும், தனியே விட்டால் தாங்காது: சயாமிஸ் பூனை கேள்வி பதில்

போன ஞாயிறு என் வீட்டு சயாமிஸ் பூனைகளின் (தாய்லாந்தின் பழைய பெயரான சயாமிலிருந்து பெயர் வந்த இனம்) படத்தைப் போட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் இங்கே மொத்தமாக. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவர் இல்லை. பாங்காக்கில் சீலோம் பக்கம் 22 வருஷமாகக் குடியிருக்கிறேன், அதில் 19 வருஷம் சயாமிஸ்களோடு. முதலில் வந்தவள் கப்பி, 17 வயது வரை இருந்தாள். இப்போது மிளகும் தேனுவும்.

கேள்வி (திருச்சி): அக்கா, சயாமிஸ் எந்நேரமும் கத்திக்கொண்டே இருக்கும் என்கிறார்களே, நிஜமா? ஃப்ளாட்டில் வளர்க்கலாமா?

நிஜம்தான். அதை ‘மியாவ்’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். அடித்தொண்டையிலிருந்து ‘ம்ர்ரா...ஆஆவ்’ என்று வரும். கைக்குழந்தை அழுகிறதோ என்று நினைத்து எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா ஒருநாள் கதவைத் தட்டிவிட்டார்.

ஆனால் அர்த்தமில்லாமல் கத்தாது. மிளகு காலையில் நான் பல் தேய்க்கும்போது பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து ஒரு குரல் கொடுப்பான். ‘என்னடா’ என்றால் இன்னொரு குரல். ‘வரேன் இரு’ என்றால் அதற்கும் ஒன்று, கொஞ்சம் சின்னதாக. நான் வாயைத் திறக்கவில்லையென்றால் தொனி மாறும், குற்றம் சொல்கிற மாதிரி. எங்கள் வீட்டுக்காரர் இதைப் ‘பஞ்சாயத்து’ என்பார். அதட்டினால் அடங்கும் என்று நினைக்காதீர்கள். அதட்டலும் அதற்குப் பேச்சுதான், இன்னும் உற்சாகமாகிவிடும்.

ஒன்று மட்டும் முக்கியம். கருத்தடை ஆபரேஷன் செய்யாத பெண் பூனை ஹீட்டுக்கு, அதாவது இணை தேடும் பருவத்துக்கு, வந்தால் அந்தச் சத்தத்தை எந்த ஃப்ளாட்டும் தாங்காது. இரவு பகல் பார்க்காமல் நாள்கணக்கில் அலறும். ஐந்து மாதம் வாக்கிலேயே மருத்துவரிடம் பேசி நாள் குறித்துவிடுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): எங்கள் பூனைக்கு 14 வயது. இத்தனை நாள் இல்லாமல் இப்போது நடுராத்திரி ஹாலில் நின்று ஊளையிடுகிறது. வயசாகிவிட்டதால்தானே?

‘வயசாச்சு’ என்று விடாதீர்கள். கப்பிக்கு 15 வயதில் இதேதான் நடந்தது. கூடவே தட்டு தட்டாகச் சாப்பிட்டாள், ஆனால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு அதிகம். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் ராத்திரிக் கச்சேரி பாதியாகக் குறைந்தது. வயதான பூனையின் இரவு அலறலுக்குத் தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகம், காது மந்தம், மூட்டுவலி, மறதி என்று பல காரணங்கள் உண்டு. ரத்தப் பரிசோதனையோடு ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், பல இடங்களில் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

கேள்வி (மதுரை): மேடம், சயாமிஸ் வஞ்சம் வைக்கும், பொறாமை பிடித்தது, சட்டென்று பிறாண்டிவிடும் என்று படித்தேன். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள்.

இந்தக் கெட்ட பெயருக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியில் ஒரு சயாமிஸ் இருந்தது. அதுவரை உருண்டை முகப் பூனைகளையே பார்த்துப் பழகிய ஊர். கெட்ட கனவில் வரும் பூனை போல இருக்கிறது என்று எழுதினார்கள். 1884-ல் பாங்காக்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி எட்வர்ட் பிளென்கோ கூல்டு தன் தங்கைக்காக ஒரு ஜோடியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பெயர் ஃபோ, மியா. தாய்லாந்து மொழியில் ‘அப்பா’, ‘பெண்டாட்டி’ என்று அர்த்தம், வைத்தவருக்குத் தெரிந்துதான் வைத்தாரோ என்னவோ! அந்தத் தங்கையும் சேர்ந்து 1901-ல் சயாமிஸ் பூனைக்கென்றே அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பணக்கார வீட்டுப் பூனை என்ற பெயர் வந்தது, கூடவே திமிர் பிடித்தது என்ற பெயரும். அப்புறம் 1955-ல் டிஸ்னி கார்ட்டூன் படம் ஒன்று, சாய்ந்த கண்ணும் உடைந்த ஆங்கிலமுமாக இரண்டு சயாமிஸ்களைத் திருட்டு வில்லிகளாகக் காட்டியது. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் எழுதியதைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். கிழக்கத்திய மனிதர்களைப் பற்றி மேலை நாட்டுக்காரர்களுக்கு இருந்த எண்ணத்தைப் பூனையின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்பது என் கட்சி.

இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. தாய்லாந்தில் இதன் பெயர் விச்சியன்மாத். ‘விச்சியன்’ என்பது நம்முடைய வச்சிரம்தான், பாலி வழியாக வந்த சொல். ‘தம்ரா மேவ்’ என்ற பழைய பூனை லட்சணச் சுவடியில் இதற்கென்று ஒரு பாட்டே உண்டு: வாய், வால், நாலு கால், இரண்டு காது, ஆக எட்டு இடம் கறுப்பு என்று எண்ணிச் சொல்லும். வீட்டுக்கு நல்லது கொண்டுவரும் பூனைகளின் வரிசையில்தான் இது வருகிறது.

உங்கள் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். வஞ்சம் எல்லாம் கிடையாது, ஆனால் எதையும் லேசில் விடாது. அதன் மீது கவனம் இல்லையென்றால் லேப்டாப் மேல் படுக்கும், அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளும். படுக்கையில் மூத்திரம் போனால் பழிவாங்குகிறது என்பார்கள். சிறுநீர்ப்பை எரிச்சலோ பயமோதான் பெரும்பாலும் காரணம். ஆண் பூனை மண்பெட்டியில் (அது மலஜலம் கழிக்க மண் போட்டு வைக்கும் பெட்டி) முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையென்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூன்று வயதுப் பிள்ளையோடு நன்றாகவே ஒட்டும், வாலைப் பிடித்து இழுக்காமல் இருக்கக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பூனை ஏறி உட்காரக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஓர் இடமும் வேண்டும்.

கேள்வி (சென்னை): ஆபரேஷனுக்கு வயிற்றுப் பக்கம் ஷேவ் செய்தார்கள். அந்த இடத்தில் மட்டும் முடி கறுப்பாக வளர்கிறது. தொற்றா?

தொற்று இல்லை, பயப்படாதீர்கள். எனக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். சயாமிஸ் ஒரு வகையில் அரைகுறை வெண்பூனை. நிறமியை உண்டாக்கும் நொதி அதன் உடம்பில் சூட்டுக்குப் பயந்தது, குளிர்ந்த இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால்தான் காது, மூக்கு, பாதம், வால் எல்லாம் கறுப்பு, நடு உடம்பு வெளுப்பு. தாய் வயிற்றுக்குள் எல்லாப் பக்கமும் ஒரே சூடு, அதனால் குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாகவே இருக்கும். ஷேவ் செய்த தோல் கொஞ்சம் குளிர்ந்துவிடுகிறது, அங்கே வளரும் முடிக்கு நிறம் ஏறிவிடுகிறது. தேனுவுக்கு இடுப்பில் காபி சிந்தின மாதிரி ஒரு சதுரம் இருந்தது, அடுத்து முடி உதிர்ந்து மாறியபோது தானாகவே போய்விட்டது. ஏ.சி. அறையே கதி என்று கிடக்கும் பூனை கறுத்துக்கொண்டே போவதும், வயதாக ஆக உடம்பு நிறம் அடர்ந்துகொண்டே போவதும் இதனால்தான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): நீலக் கண் பூனைக்குக் காது கேளாதாமே? கண் ஒன்றரையாகவும் இருக்கு.

காது கேளாமை முழு வெள்ளைப் பூனைகளோடு வரும் வேறு மரபணுவின் கதை. சயாமிஸின் நீலத்துக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை. மீன் பொதியைப் பிரிக்கும் சத்தம் மூன்று அறை தாண்டிக் கேட்கும். மாறுகண்ணுக்குக் காரணம் அதே நிறமிக் குறைதான், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் சில திசை மாறிப் போய்விடுகின்றன. பிறவியிலேயே இருந்தால் பூனைக்கு அது பழகிப்போயிருக்கும், திடீரென்று வந்தால் காட்ட வேண்டும். இளவரசிகள் மோதிரத்தைக் கோர்த்து வைத்ததால் வால் மடங்கியது, கிண்ணத்தையே உற்றுப் பார்த்துக் கண் சாய்ந்தது என்று இங்கே கதைகள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும்.

கேள்வி (பெங்களூர்): நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். காலை எட்டிலிருந்து மாலை ஏழுவரை வீட்டில் யாரும் இல்லை. ஒரு சயாமிஸ் குட்டி எடுக்கலாம் என்று ஆசை.

தம்பி, மனசு வருத்தப்படாதீர்கள். ஒன்று மட்டும் என்றால் எடுக்காதீர்கள்.

பூனை என்றால் தனிமை விரும்பி என்று எல்லோரும் நினைக்கிறோம். சயாமிஸுக்கு அது பொருந்தாது. எழுந்து சமையலறைக்குப் போனால் கூடவே வரும், திரும்பி வந்தால் கூடவே திரும்பும். துணி மடித்தால் அதன்மேல் உட்காரும். இப்படிப்பட்ட ஜீவனைப் பதினோரு மணி நேரம் நாலு சுவருக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று கப்பியிடம் கற்றுக்கொண்டேன். அப்போது நானும் வேலைக்குப் போனேன். ஆறு மாதத்தில் அவள் வயிற்றில் உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லை. தோல் வியாதி என்று களிம்பு தடவினோம், தடவத் தடவ இன்னும் நக்கினாள். கடைசியில் ஒரு மருத்துவர் களிம்பையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ‘பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்’ என்று ஒரே கேள்வி கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி மத்தியானம் வந்து இரண்டு மணி நேரம் டிவி பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்ததும் முடி வளர்ந்தது. (அந்தப் பாட்டியின் நாடகமெல்லாம் கப்பிக்கு மனப்பாடம்.)

அழகைப் பார்த்து வாங்கி, பூட்டிவிட்டுப் போய், ‘கத்துகிறது, சோபாவைக் கிழிக்கிறது, சயாமிஸே இப்படித்தான்’ என்று திருப்பிக் கொடுக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கூடப்பிறந்த இரண்டு குட்டிகளாக எடுங்கள், இல்லையென்றால் நாட்டுப் பூனை ஒன்றைத் துணைக்குச் சேருங்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு கால் மணி நேரம் குச்சியில் கட்டிய இறகை வைத்து விளையாட வேண்டும். முடியுமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி (சேலம்): கம்பளிப் போர்வையை மென்று ஓட்டை போடுகிறது. சத்துக்குறைவா?

சயாமிஸிலும் அதன் உறவான பர்மீஸ் பூனை இனத்திலும் இந்தக் கம்பளிப் பழக்கம் சகஜம். சப்புவதோடு நின்றால் தொல்லையில்லை. விழுங்கினால் குடலில் சிக்கும், நூலும் ரப்பர் பேண்டும் அதைவிட ஆபத்து. கம்பளியைப் பீரோவில் பூட்டுங்கள், உலர் தீவனத்தைத் தேடி எடுக்கிற பொம்மைக்குள் போட்டுக் கொடுங்கள். வாந்தியும் பட்டினியும் சேர்ந்து வந்தால் அன்றே டாக்டர்.

கேள்வி (ஈரோடு): நான் இரண்டு மாதக் கர்ப்பம். பூனை முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது, கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார்.

முடியால் ஒன்றும் ஆகாதும்மா. மாமியார் பயப்படுவதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம். வெளியே வந்து குறைந்தது ஒரு நாள் ஆன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மண்பெட்டியைத் தினமும் வீட்டுக்காரர் சுத்தம் செய்யட்டும், பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம், நீங்களும் கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். உங்கள் டாக்டரிடமும் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், முடி குறைவு என்பதால் அலர்ஜி வராதா என்று. வரும். அலர்ஜிக்குக் காரணமான புரதம் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது.

கேள்வி (கோவை): கழுத்தை நீட்டித் தரையோடு குனிந்து இருமுகிறது. முடி உருண்டைதானே?

எதுவும் வெளியே வராமல் அடிக்கடி இப்படி இருமினால் ஆஸ்துமாவாக இருக்கலாம், சயாமிஸுக்கு அது கொஞ்சம் அதிகம். இருமும்போது வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி (திருப்பூர்): கடையில் ‘ஒரிஜினல் சயாமிஸ்’ என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பரம்பரைச் சான்றிதழ் இல்லாமல் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. முகமும் வாலும் கறுப்பு என்பதற்காகவே சயாமிஸ் ஆகிவிடாது. அந்த நிறத்தைத் தரும் மரபணு பெர்சியன் கலப்பிலும் தெருப் பூனையிலும்கூட வரும். எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலம்தான், இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகும் நீலமாகவே இருக்கிறதா பாருங்கள். முகம் ஆப்பு மாதிரிக் கூராக இல்லையே என்று கவலைப்படாதீர்கள், அது மேலை நாட்டில் கண்காட்சிக்காக இழுத்து இழுத்து உண்டாக்கியது. இங்கே தாய்லாந்தில் அம்பவா என்ற ஊரில் பழைய தாய்லாந்துப் பூனை இனங்களைப் பாதுகாக்கும் வீடு ஒன்று இருக்கிறது, அங்கே உள்ள விச்சியன்மாத்துகளுக்கு முகம் உருண்டைதான்.

கேள்வி (பெங்களூர், மறுபடியும்): அக்கா, பேசினோம். மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு குட்டியாக எடுக்கிறோம். முதலில் என்ன வாங்க வேண்டும்?

நல்ல சேதி. ஏழாவது மாடி என்று எழுதியிருந்தீர்கள், அதனால் முதலில் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை. கொசுவலை போதாது, ஒரே வாரத்தில் நகத்தால் கிழித்து வழி பண்ணிவிடும். புறாவுக்குக் கட்டுகிற நைலான் வலையையும் கடித்துவிடும் பூனைகள் உண்டு, கம்பி வலையாகப் போடுங்கள். மண்பெட்டி மூன்று. பால் வேண்டாம், பெரும்பாலான பூனைகளுக்கு வயிறு தாங்காது. வலை கட்டி முடித்துவிட்டு ஒரு படம் போடுங்கள், மூலையில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.