முராகாமியில என்ன இருக்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நான் ஒசாகால மூணு வருஷமா வேலை பாக்கறேன், ஐடிதான். நீங்க நீகாட்டா மாகாணத்துல இருக்கற முராகாமிங்கற ஊரைப் பத்தி முன்னாடி எழுதினதை படிச்சுட்டு போன பிப்ரவரில ரெண்டு நாள் லீவு போட்டு போனேன். நீகாட்டா வரைக்கும் ஃப்ளைட், அப்புறம் ரயில். உண்மையைச் சொல்லணும்னா ரொம்ப ஏமாத்தமா இருந்துச்சு. பாதி கடை ஷட்டர் போட்டிருந்துச்சு, அஞ்சு மணிக்கு மேல தெருவில ஒரு ஆளைக் காணோம். பாத்தவங்க எல்லாருமே எழுபதைத் தாண்டினவங்க. யாருக்கும் இங்கிலீஷ் வரல, நிறைய இடத்துல கார்டு வாங்கல. சசாகாவா நாகாரே கடற்கரையைப் பாக்கலாம்னு ஸ்டேஷனுக்குப் போனா அடுத்த ரயிலுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்னாங்க, குளிர் தாங்காம திரும்பிட்டேன். செத்துக்கிட்டு இருக்கிற ஊரைப் பாத்த மாதிரி மனசு கனமாயிடுச்சு. அந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் எங்கதான் போனாங்கன்னு தெரியல.

என் கேள்வி இதுதான். ஏப்ரல் கடைசியில அம்மா அப்பா முதல் தடவையா ஜப்பான் வர்றாங்க. அவங்களை முராகாமிக்குக் கூட்டிட்டுப் போகலாமா, இல்ல கனாசாவா மாதிரி ஏதாவது பெரிய ஊரே போதுமா?

அன்புடன்,
ஆர்., ஒசாகா

*

அன்புள்ள ஆர்.,

உங்க கடிதம் வந்த நேரம் சரியில்ல, இல்ல ரொம்பச் சரியா வந்துச்சுன்னும் சொல்லலாம். அதுக்கு முந்தின நாள்தான் எங்க அண்ணி ஃபோன்ல ஒரு மணி நேரம் அழுது முடிச்சிருந்தாங்க, காரணத்தைக் கீழ சொல்றேன்.

முதல்ல சின்னச் சின்ன புகாரை எல்லாம் தள்ளி வச்சிடறேன். இங்கிலீஷ் வரலன்னா நீங்க ஜப்பானிய மொழி பேசியிருக்கணும், மூணு வருஷம் ஆச்சே தம்பி. கார்டு வாங்கலன்னா பர்ஸ்ல காசு வச்சுக்கணும். அஞ்சு மணிக்குக் கடையைச் சாத்தினா அவங்க வீட்டுக்குப் போறாங்கன்னு அர்த்தம்.

ரயில் விஷயத்துல மட்டும் கொஞ்சம் திட்டணும். நீகாட்டால இருந்து இனாஹோ எக்ஸ்பிரஸ்ல ஏறி முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள்ள முராகாமில இறங்கியிருப்பீங்க, அதே வேகத்துல எல்லாம் நடக்கும்னு நெனச்சுட்டீங்க. முராகாமியைத் தாண்டினதும் தண்டவாளத்து மேல ஓடற மின்சாரமே மாறிடுது, டிசி முடிஞ்சு ஏசி ஆரம்பிக்குது, அதனால அதுக்கு வடக்க ஊர் ஊரா நின்னு போற வண்டி எல்லாம் டீசல். எண்ணி நாலைஞ்சு பேரோட கடலை ஒட்டிப் போற வண்டி அது. அந்தக் கடற்கரைக்குக் குவாகாவா ஸ்டேஷன்ல இறங்கணும், அதுக்கு ராத்திரியே டைம்டேபிள் பாத்து வச்சிருக்கணும். ஒசாகா லூப் லைன் மாதிரி நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு வரும்னு போய் நின்னா யார் என்ன பண்ண முடியும்?

அப்புறம் நீங்க போனது பிப்ரவரி. நான் போனது நவம்பர் கடைசி, 2017ல. நீகாட்டால படிச்சுட்டிருந்த எங்க அண்ணன் பையன்தான் கூட வந்தான், எனக்கு மொழிபெயர்க்க. அந்த நேரத்துல முராகாமி வழியா ஓடற மியோமொதே ஆத்துல சால்மன் ஏறும். ஊர்ல வீட்டு வாசல்ல, கடை முன்னாடி, கூரை விளிம்புல எல்லாம் முழு மீனா தொங்கும். உப்பு தேச்சு ஒரு வாரம் போல வச்சு, அப்புறம் கழுவி உப்பைக் கொஞ்சம் வெளிய எடுத்து, வடக்க இருந்து வர்ற குளிர்காத்துல தொங்கவிடுவாங்க. ஷியோபிகின்னு பேர். நம்ம கருவாடு வெயில்ல காயறது, இது குளிர்ல காயறது, அதனால அந்த நாத்தமே கிடையாது. நான் மூக்கைப் பொத்தத் தயாராப் போனேன், மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு லேசான வாசனைதான் வந்துச்சு.

ஒரு பழைய கடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. நீளமான இருட்டு ஹால், மேல உத்தரத்துல நூத்துக்கணக்குல மீன், எல்லாம் தலைகீழா, வாயைத் திறந்துக்கிட்டு. வாலுல கயிறு. கீழ சிமெண்ட் தரையில எண்ணெய்ச் சொட்டு விழுந்து வட்டம் வட்டமா கறுப்பாயிருந்துச்சு. கடைக்காரப் பெரியவர் ஒரு மீனைத் திருப்பி வயித்தைக் காட்டினார். கீறல் ஒரே கோடா இல்ல, ரெண்டாப் பிரிஞ்சிருந்துச்சு. மேல ஒரு கீறல், கீழ ஒரு கீறல், நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்குக் கத்தி படாத தோல் ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்தப் பாலத்துக்கு அடியில விரலை விட்டுக் காட்டி ஏதோ சொன்னார். பையன் சொன்னான், "அத்தை, இது சாமுராய் போர்வீரங்க இருந்த ஊரு, முழுசாக் கிழிச்சா அவங்க வயித்தைக் கிழிச்சுக்கிட்டு சாகற மாதிரி ஆயிடுமாம், அதான் நடுவுல விடறாங்களாம். கழுத்துல கயிறு போட்டாலும் தூக்கு மாதிரி ஆயிடுமேன்னுதான் வால்ல கட்டறாங்களாம்." தலைகீழாத் தொங்கினா ஈரம் வாய் வழியா வடியும்ங்கற வசதியும் இதுல இருக்கும்னு எனக்குத் தோணுச்சு, ஆனா பெரியவர் முகத்தைப் பாத்து அதைக் கேக்க வாய் வரல. கொன்னு தின்னப்போற மீன்தான், அதுக்கும் ஒரு மானம் இருக்குன்னு நெனைக்கிற ஊரு.

சரி, உங்க வாக்கியத்துக்கு வர்றேன், "செத்துக்கிட்டு இருக்கிற ஊர்". இதை எழுதறப்ப உங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சமா இருந்திருக்க வேணாமா? நீங்க தங்கின ரெண்டு நாளும் உங்களுக்கு சோறு போட்டவங்க, படுக்கை விரிச்சவங்க எல்லாம் உயிரோடதானே இருந்தாங்க? அம்பதாயிரத்துக்கு மேல சனங்க இருக்கற நகரம். குறையுது, வயசாகுது, அதெல்லாம் நிஜம், அந்த ஊர்க்காரங்களுக்கு அது உங்களை விட நல்லாத் தெரியும். ஆனா வெளியூர்ல இருந்து வர்ற நாம நாலு ஷட்டரைப் பாத்துட்டு இழவு வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வச்சுக்கறோம் பாருங்க, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நம்ம ஊர்லயும் இதேதான், லீவுக்கு வர்றவன்தான் "எல்லாம் போச்சே, பழைய ஊரு இல்லையே"ன்னு அதிகமாப் புலம்புவான், இருக்கறவன் ரேஷன் கடைக்குப் போயிட்டு இருப்பான்.

அடுத்த வாக்கியம் இன்னும் மோசம், "அந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் எங்கதான் போனாங்க". ஒசாகால உக்காந்துக்கிட்டு இதைக் கேக்கறீங்களே தம்பி! உங்க ஊர்ல இதே கேள்வியை உங்களைப் பத்தி எத்தனை பேர் கேக்கறாங்களோ.

ஆனா முராகாமி பிள்ளைங்க எங்க போனாங்கங்கறதுக்குப் பதில் இருக்கு, அதுதான் எனக்கு இத்தனை வருஷமா மண்டைக்குள்ள ஓடற விஷயம். 18ஆம் நூற்றாண்டுல அந்த ஊர்ல ஆவோதோ புஹேய்ஜின்னு ஒரு கீழ்மட்ட சாமுராய் இருந்தார். மீன் வரத்து குறைஞ்சு ஊரே திண்டாடின காலம். சால்மன் பொறந்த ஆத்துக்கே திரும்பி வருதுன்னு அந்த மனுஷன் புரிஞ்சுக்கிட்டார். அப்படின்னா முட்டை போட வர்றதை எல்லாம் பிடிச்சுத் தின்னா எப்படி மீன் இருக்கும்? ஆத்துல இருந்து ஒரு கிளையைப் பிரிச்சு, மீன் உள்ள வந்து நிம்மதியா முட்டை போடற மாதிரி வேலி கட்டி, குஞ்சு கடலுக்குப் போற வரைக்கும் அங்க யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ஏற்பாடு. தானேகாவான்னு பேர், விதை ஆறுன்னு வச்சுக்கலாம். 1763ல ஆரம்பிச்ச வேலை 1794லதான் முடிஞ்சுது, அவர் 1788லயே போயிட்டார், முடிஞ்சதைப் பாக்கல. சாமுராய் ஆட்சி முடிஞ்சு வந்த மெய்ஜி காலத்துல முட்டையைக் கையாலயே பொரிக்க வைக்கிற முறையும் வந்து, 1884ல அந்த ஒரே ஆத்துல ஏழு லட்சத்து முப்பத்தேழாயிரத்துக்கும் மேல மீன் பிடிச்சிருக்காங்க. இத்துனூண்டு ஊரு, அந்த எண்ணிக்கையைப் பாருங்க.

இதுக்கு மேலதான் விஷயமே. சாமுராய்களுக்குச் சம்பளம் நின்னுபோன காலம் அது. வேலை போன அந்தக் குடும்பங்கள் ஒண்ணாச் சேர்ந்து ஆத்து மீனை நடத்தினாங்க, வந்த காசுல ஊர்ப் பிள்ளைங்களைப் படிக்க வச்சாங்க. பள்ளிக்கூடத்துக்கு, மேல்படிப்புக்கு. அப்படிப் படிச்சவங்களுக்கு "சாகே நோ கோ"ன்னு பேர், மீனோட பிள்ளை. படிச்சவன் என்ன பண்ணுவான்? டோக்கியோவுக்குப் போனான். வக்கீல், வாத்தியார், அதிகாரின்னு ஆனான். இன்னைக்குப் பேரரசியா இருக்கற மசாகோவோட அப்பா வழி முன்னோர் இந்த ஊர்ச் சாமுராய் குடும்பந்தான். 1976ல லாக்ஹீட் விமான லஞ்ச ஊழல்ல முன்னாள் பிரதமர் தனாகா ககுயேய் கைதானப்ப நீதித்துறை மந்திரியா இருந்த இனாபா ஓசாமுவும் முராகாமிக்காரர். தனாகாவும் அதே நீகாட்டா மாகாணந்தான், அது தனிக் கதை, இங்க வேணாம்.

திரும்பி வர்ற மீனை வித்து, திரும்பி வராத பிள்ளைங்களைப் படிக்க வச்ச ஊர் அது. தெரியாமப் பண்ணல, தெரிஞ்சேதான் பண்ணியிருப்பாங்க. மீன் திரும்பும்னு கண்டுபிடிச்ச ஊருக்குப் பிள்ளை திரும்பாதுன்னு தெரியாமலா இருந்திருக்கும்? நீங்க பாத்த ஷட்டருக்குப் பின்னாடி இந்தச் செலவு இருக்கு. அதைச் சாவுன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரல.

இப்ப அண்ணி அழுத கதை. எங்க அண்ணன் பையன், எனக்கு மொழிபெயர்த்தவன், இப்ப நகோயால இருக்கான், அங்கயே ஒரு ஃப்ளாட் வாங்கப்போறேன்னு சொல்லிட்டான். அவன் முதல் வருஷம் போறதுக்கு அண்ணி அவங்க ஆறு பவுன் செயினை அடகு வச்சாங்க, சீட்டுப் பணத்தையும் தள்ளி எடுத்தாங்க, அது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் ரொம்ப நாள் தெரியாது. நான் முராகாமில இருந்து வந்து மீன் கதையை அண்ணிகிட்ட அளந்து விட்டிருந்தேன், அதை ஞாபகம் வச்சிருந்து ஃபோன்ல கேக்கறாங்க, "ஏன்டி, அந்த மீனாவது பொறந்த இடத்துக்கு வருதுல்ல?" நானும் வாய் சும்மா இருக்காம "அண்ணி, அது முட்டை போட்டுட்டு சாகறதுக்குத்தான் வருது, உங்க பையனுக்கு அதா வேணும்?"னு கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன், சாயங்காலம் வந்துட்டுப் போ"ன்னு வச்சுட்டாங்க. போனேன். அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

இன்னொண்ணும் சொல்லணும், கேள்விக்குச் சம்பந்தம் இல்ல, இருந்தாலும் சொல்றேன். முராகாமி வீடுகள்ல வருஷக் கடைசி ராத்திரி சாப்பாட்டுல ஷியோபிகி கண்டிப்பா இருக்கணும். அதுல முன்பக்கத் துடுப்பு ஒட்டியிருக்கற துண்டு வீட்டுத் தலைவருக்குத்தான், அது ஒசத்தித் துண்டு. அந்தப் பெரியவர் பெருமையாச் சொன்னார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எங்க வீட்டுல வஞ்சிரம் வாங்கினா நடுத்துண்டு அப்பாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கு, எனக்கும் அம்மாவுக்கும் வால் பக்கம், அம்மாவுக்குப் பல நாள் வெறும் குழம்புதான். மீன் வயித்துக்கு மரியாதை பாத்த ஊரும் இதுல நம்மள மாதிரிதான் போல. தலையில இருந்து குடல் வரைக்கும் எதையும் வீணாக்காம நூறு வகைக்கு மேல சமைக்கறாங்க, அந்த நூறையும் சமைக்கறவங்களுக்கு எந்தத் துண்டுன்னு கேளுடான்னு பையன்கிட்ட சொன்னேன். அவன் கேக்கவே இல்ல. "அத்தை ப்ளீஸ்"னான்.

மிச்சம் இருக்கறவங்க என்ன பண்றாங்கன்னும் நீங்க பாத்திருக்கலாம். கோயில்களை ஒட்டின சந்துல கறுப்பு மரவேலி வரிசையாப் போகுதே, அது பழைய வேலி இல்ல. அதுக்குப் பின்னாடி சாதாரண சிமெண்ட் பிளாக் சுவர் இருக்கு. ஊர்க்காரங்க ஒரு பலகைக்கு ஆயிரம் யென்னு வசூல் பண்ணி, சுவரை இடிக்காம அது மேலயே பலகையை அடிச்சு, தாங்களே கறுப்பு பெயிண்ட் பூசினாங்க. சாலையை அகலப்படுத்தறோம்னு பழைய வீட்டை எல்லாம் இடிக்கப் பாத்தப்ப, வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு பாட்டி காலத்து பொம்மைகளை முன் ரூம்ல கொலு மாதிரி அடுக்கி "வந்து பாருங்க"ன்னு 2000ல இருந்து வருஷா வருஷம் மார்ச் மாசம் கூப்பிடறாங்க. நீங்க பிப்ரவரில போயிட்டீங்க. ரெண்டு வாரம் தள்ளிப் போயிருந்தா ஷட்டர் கணக்கே வேற மாதிரி எழுதியிருப்பீங்க.

கேள்விக்கு வர்றேன். ஏப்ரல் கடைசின்னா பொம்மையும் முடிஞ்சிருக்கும், மீனும் இருக்காது. கனாசாவாவுக்கே கூட்டிட்டுப் போங்க, தோட்டம், தங்க இலை போட்ட ஐஸ்கிரீம்னு அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும், அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா டிக்கெட் இன்னும் போடலன்னா பயணத்தை நவம்பருக்குத் தள்ள முடியுமான்னு பாருங்க. இயோபோயா கைகான்னு சால்மனுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, அங்க தரைக்குக் கீழ இறங்கிப் போனா கண்ணாடி வழியா அந்த விதை ஆத்தோட உள்பக்கம் தெரியும். மீன் வர்ற நேரமாப் போனா கண்ணுக்கு நேரா நின்னு வாலடிக்கும். அப்பாவுக்கு முட்டி வலி இருந்தா ராத்திரிக்கு செனாமில தங்குங்க, எண்ணெய் எடுக்கலாம்னு 1904ல தோண்டினப்ப வெந்நீர் பொங்கின இடம், கடலைப் பாத்துக்கிட்டே குளிக்கலாம். காலையில சோறும் வாட்டின சால்மனும் வரும். துடுப்பு ஒட்டின துண்டு வந்தா அதை அம்மா தட்டுல வைங்க. வேணாம்பாங்க, அப்பாவுக்குத் தள்ளுவாங்க. நீங்க எடுத்து மறுபடி அவங்க தட்டுலயே வைங்க.