கொள்ளிவாய்ப் பிசாசு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஏரியில் கோரை மண்டிய பக்கம் ராத்திரியில் கொள்ளிவாய்ப் பிசாசு வாயைத் திறந்து மூடும், கிட்டப் போனால் விலகிப் போகும் என்பார்கள் பெரியவர்கள். வகுப்பில் அது சேற்றிலிருந்து வரும் மீத்தேன் என்ற எரிவாயு என்று சொன்னேன். “அப்போ யார் சார் பத்த வச்சது?” என்றான் ஒரு பையன். என்ன சொல்வது?

கா., மன்னார்குடி வட்டம்

அன்புள்ள கா.,

அந்தப் பையனைத் தட்டிக்கொடுங்கள். மீத்தேன் என்று சொல்லி நகர்ந்துவிடும் நம் பாடப்புத்தகப் பதிலின் ஓட்டை அதுதான். மீத்தேன் தானாகப் பற்ற 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஏரிச் சேற்றில் அது ஏது? சேற்றிலிருந்து வரும் பாஸ்பரஸ் வாயுக்கள் தீ மூட்டுகின்றன என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அவற்றில் ஒன்றான டைபாஸ்பேன் காற்றுப் பட்டதும் எரியும், உண்மை. ஆனால் வெண்புகை எழும். பார்த்தவர்களோ புகையில்லாத, சூடில்லாத ஒளி என்கிறார்கள். 2025இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வேதியியலாளர் ரிச்சர்ட் ஸேரின் குழு, நீரில் மீத்தேனும் காற்றும் கலந்த நுண்குமிழிகளுக்கு இடையே சிறு மின்பொறி பாய்வதைக் காட்டியது. பையனுக்கு இன்றைக்குச் சொல்லத்தக்க பதில் இது. ஆய்வகத்தில் கண்டது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வாயுவைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 1776இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா அங்குள்ள மஜ்ஜோரே ஏரியில் பிடித்த அதே வழிதான். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் நீரை முட்ட நிரப்பி, நீருக்குள்ளேயே கவிழ்த்து, வாயில் புனலைச் செருகுங்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்க வேண்டாம். இலைதழை மக்கிய கருஞ்சேற்றை மூங்கில் கழியால் குத்தினால் குமிழி குபுகுபுவென்று புனலுக்குள் ஏறும். மணல் தரையில் ஒன்றும் வராது. பாதி பாட்டில் சேர்ந்ததும் நீருக்குள் வைத்தே மூடுங்கள். பிறகு நிமிர்த்தி, மூடியைத் திறந்து, ஒருவர் மெல்ல நீர் ஊற்ற, இன்னொருவர் நீளக் குச்சித் தீயை வாயருகே காட்ட வேண்டும். இரண்டையும் பெரியவர்களே செய்யட்டும். பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: தொடக்கத்தில் பாட்டிலில் காற்று மிஞ்சிவிடும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் எரியாது, வெடிக்கும். அதனால் கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. சுடர் வெளிர்நீலம், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, அந்தி சாய்ந்து செய்யுங்கள்.

‘விலகிப் போகும்’ என்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். தூரத்து விளக்கை நோக்கி எவ்வளவு நடந்தாலும் அது கிட்ட வருவதாகத் தோன்றாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பால்டிங் என்ற சிற்றூரில், செத்துப்போன ரயில்வே ஊழியரின் லாந்தர் என்று நம்பப்பட்ட ஒளியை 2010இல் மிச்சிகன் டெக் பல்கலைக்கழக மாணவர்கள் தொலைநோக்கியில் பார்த்தார்கள். பல கிலோமீட்டருக்கு அப்பால் மேட்டுச் சாலையில் வரும் கார்களின் முகப்பு விளக்கு! தங்கள் காரையே அங்கே அனுப்பி விளக்கை விட்டுவிட்டு எரியவைத்தும் உறுதிசெய்தார்கள். உங்கள் ஊரிலும் முடியும். ஒருவர் எதிர்ச்சாலையில் பைக்கை நிறுத்தி விளக்கை மூன்று முறை அணைத்துப் போடட்டும். மற்றவர் பிசாசு தெரியும் கரையில் கைபேசியோடு நிற்கட்டும். வயல் நண்டு பிடிப்பவர்களும் இரவில் தண்ணீர் பாய்ச்சுபவர்களும் டார்ச்சோடு எங்கே நடமாடுகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

பெரியவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மாதம், எந்தத் திசை, தரையிலிருந்து எத்தனை முழ உயரம், என்ன நிறம். அந்தச் சாலை எப்போது வந்தது என்றும் கேளுங்கள். அதற்கு முன்பே ஒளியைப் பார்த்திருந்தால், வண்டி விளக்கு என்ற கணக்கு அங்கே செல்லாது.